விளக்குக்குத் தெரியாத துடிப்பு

அன்று காலையிலிருந்தே டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆய்வு அதிகாரி வகுப்பில் வந்து உட்காரப்போகும் நாளில் எந்த டீச்சருக்குத்தான் ஓடும்?

போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு வந்த அட்டைப்பெட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குள் இருந்தது தசைக் கருவி. கையில் மூன்று ஸ்டிக்கர்களை ஒட்டி, ஒயரை மாட்டி, முஷ்டியை மடக்கினால் போதும். தசைக்குள் ஓடும் துளியூண்டு மின்சாரத்தைப் பிடித்துக் காட்டிவிடும். தலைமையாசிரியர் அதைப் பேரன் பிறந்த சந்தோஷத்தோடு எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

"அனலாக், டிஜிட்டல் பாடத்தை இதை வெச்சே நடத்திடுங்க டீச்சர். ஆய்வுக்கு வர்றவங்க அசந்து போயிடணும்" என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

அசத்துவதற்கு நல்ல கையாக ஒன்று வேண்டுமே! அது டீச்சர் வீட்டிலேயே இருந்தது. இரும்பு யார்டில் உயரமான கிரேனை ஓட்டுகிற அவள் கணவரின் கை. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிரேன்காரர் என்றால்தான் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது. லேப்டாப் பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்ததால், கருவியில் இருந்த சின்ன விளக்கை மட்டும் வைத்துப் பார்த்தாள். முஷ்டியை மடக்கினால் விளக்கு எரிய வேண்டும். கையைத் தளர விட்டால் அணைய வேண்டும். மடக்கியபோது ஒழுங்காக எரிந்தது. தளர விட்ட பிறகும் அது விட்டு விட்டு மினுக்கியதுதான் தொல்லை.

"என்னங்க, கையை லூஸா விடுங்கன்னா..."

"விட்டுட்டுத்தானே உக்காந்திருக்கேன். உன் மெஷினுக்குத்தான் பேய் புடிச்சிருக்கு."

புதுக் கருவி, கோளாறு இருக்கும் என்று அவளும் நம்பினாள். எவ்வளவு மின்சாரம் வந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதை முடிவு செய்கிற திருகு ஒன்று கருவியில் உண்டு. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினாள். மினுக்கல் நின்றது. விளக்கு சொன்ன பேச்சைக் கேட்டது. அப்பாடா என்று கருவியை மூடி வைத்துவிட்டாள்.

போன வாரம் அவர் கையிலிருந்து டீ டம்ளர் நழுவி விழுந்ததும், "கை ஈரமா இருந்துச்சு" என்று அவர் சமாளித்ததும் அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்த வாரக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

வழக்கமாகச் சந்தைக்கடையாக இருக்கும் வகுப்பு அன்று மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தது. கடைசி பெஞ்சில் ஆய்வு அதிகாரி. கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி விட்டுக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்த அம்மா.

"லைட் ஸ்விட்சுக்கும் தண்ணிக் குழாய்க்கும் என்ன வித்தியாசம்?" டீச்சர் ஆரம்பித்தாள்.

முதலில் கை தூக்கியது கேள்விக்குறி. பிறந்ததிலிருந்து கேள்வி மட்டுமே கேட்டு வளர்ந்த பெண் என்று ஆசிரியர்கள் வைத்த பட்டம் அது. இன்றைக்கு அதிசயமாகப் பதில் சொன்னாள்.

"ஸ்விட்சுன்னா எரியும், இல்லன்னா எரியாது டீச்சர். குழாய்னா எவ்வளவு திறக்கறோமோ அவ்வளவு தண்ணி வரும்."

"சபாஷ். ஏறி இறங்கி எல்லா அளவுலயும் வர்றது அனலாக். ஒண்ணு, பூஜ்யம்னு வெட்டிச் சொல்றது டிஜிட்டல். இப்ப அதை ஒருத்தர் கையில பாக்கப் போறோம்."

கிரேன்காரர் உள்ளே வந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இஸ்திரி போட்ட சட்டையில், மாப்பிள்ளைத் தோரணையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேடைக் கூச்சமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"என் கேபின்ல வலது கைக்கு ஒரு லீவர் இருக்குப்பா. லேசா தள்ளினா கம்பிக் கட்டு லேசா இறங்கும். அழுத்தித் தள்ளினா வேகமா இறங்கும். லீவர் துள்ளினா, கீழ தொங்கற கட்டும் துள்ளும். பக்கத்துலயே ஹாரன் பட்டன். அது அடிக்கும், இல்ல அடிக்காது. அவ்வளவுதான்."

"அப்ப லீவர் அனலாக், ஹாரன் டிஜிட்டல்!" என்று பாதி வகுப்பு கத்தியது. ஆய்வு அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். டீச்சருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

வலது முன்கையில் ஸ்டிக்கர்களை ஒட்டினாள். தசையின் மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டும் லேப்டாப் படம் சுவரில் பெரிதாக விழுந்தது. அவர் முஷ்டியை மடக்கியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சுவரில் கோடு எகிறிக் குதித்தது. பையன்கள் விசிலடித்தார்கள்.

"இப்ப கையைத் தளர விடுங்க."

விளக்கு அணைந்தது.

"விளக்கு என்ன சொல்லுது?"

"பூஜ்யம் டீச்சர்!"

"கோடு என்ன சொல்லுது?"

கோடு படுத்திருக்க வேண்டும். அது படுக்கவில்லை. ஒரு சின்னத் துள்ளல், கொஞ்சம் அமைதி, பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு துள்ளல் என்று நெளிந்துகொண்டே இருந்தது.

கேள்விக்குறி எழுந்தாள். "டீச்சர், சார் கையைச் சும்மாதானே வெச்சிருக்கார்? அப்புறம் ஏன் கோடு துள்ளுது?"

"ஸ்டிக்கர் சரியா ஒட்டலபோல இருக்கு."

பஞ்சால் கையைத் துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டினாள். துள்ளியது. ஃபேனை நிறுத்தச் சொன்னாள். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினாள். அப்போதும் துள்ளியது. கடைசியாக இடது கைக்கு மாற்றினாள். கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. மறுபடி வலது கைக்குக் கொண்டு வந்தாள். மறுபடி துள்ளியது.

"அப்ப மெஷின்ல கோளாறு இல்ல டீச்சர். சாரோட கையிலதான்..." என்று ஆரம்பித்த கேள்விக்குறி, டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் தானாகவே உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. நேற்று மினுக்கியது விளக்கின் கோளாறு இல்லை. இந்தக் கை சும்மா இருக்கும்போதும் சும்மா இருக்கவில்லை என்று அது பாவம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அதன் வாயைத் திருகி அடைத்தது அவள்தான்.

கணவரைப் பார்த்தாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஆச்சரியம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆச்சரியம் இல்லை. கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகம் அது. இவருக்கு முன்பே தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர்," ஆய்வு அம்மா பேனாவை நிறுத்தினார். "விளக்கு ஒண்ணு சொல்லுது, கோடு ஒண்ணு சொல்லுது. பிள்ளைங்களுக்கு இதை எப்படி விளக்கறீங்க?"

டீச்சர் விளக்கைத் தொட்டுக்கொண்டு எப்படியோ பேசினாள்.

"விளக்குக்கு நாம ஒரு எல்லை வெச்சிருக்கோம். அதுக்கு மேல போனா ஒண்ணு. கீழ இருந்தா பூஜ்யம். கீழ என்ன நடந்தாலும் விளக்கு சொல்லாது. பூஜ்யம்னா அங்க ஒண்ணுமே இல்லன்னு நினைச்சுடக் கூடாது."

"அந்த எல்லையை யார் வைக்கறது டீச்சர்?" கேள்விக்குறிதான்.

"நான்தான்மா வெச்சேன். தப்பா வெச்சுட்டேன்."

கிரேன்காரர் ஸ்டிக்கர்களைப் பிய்த்து மேஜைமேல் போட்டார். சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு. வரேன் பிள்ளைங்களா."

வாசல் வரைக்கும் போய் வழி மறித்தாள். "இன்னிக்கு மேல ஏற வேணாங்க."

"வகுப்பு நடுவுல என்ன பேச்சு இது? லாரி வரிசையா நிக்குது. போகலன்னா யார்டுல ஏன்னு கேப்பாங்க. சாயங்காலம் பேசிக்கலாம்."

"கை எப்பலேர்ந்து இப்படி?"

"சாயங்காலம்னு சொன்னேன்ல?" என்றவர் வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

பின்னால் ஒரு வகுப்பே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பாடத்தை நடத்தினாள். என்ன நடத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒரே ஒரு நினைப்புதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கிரேனுக்கு அடியில் நிற்பவன் அவள் தம்பி.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அவள் தம்பி அதே யார்டில்தான் வேலை செய்கிறான். கம்பிக் கட்டுகளுக்குக் கொக்கி மாட்டி அனுப்புவதும், கட்டு லாரியில் இறங்கும்போது பக்கத்தில் நின்று கையால் திருப்பி வைப்பதும் அவன் வேலை. சேர்த்து விட்டவர் கிரேன்காரர்தான். "மாமா கைக்கு அடியில நிக்கறதும் நம்ம வீட்டுக்குள்ள நிக்கறதும் ஒண்ணுதான்கா" என்பான் சுருட்டை. அதைக் கேட்டு டீச்சரும் எத்தனையோ நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

மணி அடித்ததும் பையைத் தூக்கினாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? நான் இன்னும் பேசி முடிக்கலையே!" ஆய்வு அம்மா.

"மேடம், என்னைப் பத்தி நாலு வரி மோசமாவே எழுதிக்குங்க. நான் போயே ஆகணும்."

ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் தம்பிக்குப் போன் அடித்துப் பார்த்தாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. யார்டுக்குள் போன் கொண்டு போக விடமாட்டார்கள், லாக்கரில் பூட்டிவிட வேண்டும் என்பது தெரிந்தேதான் மறுபடியும் அடித்தாள்.

வழியெல்லாம் தன்னையே சமாதானம் செய்துகொண்டு போனாள். சத்துக் குறைவாக இருக்கும். தூக்கம் இல்லாததால் இருக்கும். நரம்பு எங்கேயாவது பிடித்துக்கொண்டிருக்கும், டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும். நான் என்ன டாக்டரா, கோட்டைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல? ஒவ்வொரு சமாதானமும் அடுத்த சிக்னல் வரைக்கும்தான் தாங்கியது.

யார்டு வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார். அவள் குரல் எழும்பியதைக் கேட்டு உள்ளிருந்து சூப்பர்வைசரே வந்துவிட்டார். குடும்பத்துக்குத் தெரிந்தவர். கையில் வாக்கி டாக்கி.

"என்னம்மா, இந்த வெயில்ல?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் கிரேன் தெரிந்தது. வானத்தில் ஒரு கம்பிக் கட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கீழே லாரிப் பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட்டும் இடுப்பில் வாக்கி டாக்கியுமாகச் சுருட்டை அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். கட்டு ஒரு சின்னத் துள்ளல் துள்ளியது. நேற்று வரைக்கும் அது அவள் கண்ணில் பட்டிருக்காது.

"அண்ணே, கிரேனை நிறுத்தச் சொல்லுங்க."

"விளையாடறியாம்மா? லோடு தொங்குது."

"அவர் கை சரியில்லண்ணே."

"யார் சொன்னா? டாக்டரா?"

"நான் பாத்தேன்."

சூப்பர்வைசர் வாட்ச்மேனைத் தூரப் போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரும்மா. நீ சொல்லிட்டா நான் மேல சொல்லியாகணும். சொல்லிட்டா டெஸ்ட் முடியற வரைக்கும் அவரைக் கேபின்ல ஏத்த மாட்டாங்க. அப்புறமும் ஏத்துவாங்களான்னு என்னைக் கேக்காத. அந்த மனுஷனுக்குத் தரையில ஒரு வேலையும் தெரியாது. நல்லா யோசிச்சு ஒரே வார்த்தையில சொல்லு. கை சரியா, சரியில்லையா?"

மடக்கினால் இரும்பு. நேற்றுகூட மாவு மூட்டையை ஒரே தூக்காகத் தூக்கி மாடிக்குக் கொண்டு போன கை. அதை எப்படிச் சரியில்லை என்று ஒரு வார்த்தையில் தள்ளுவது? இந்த மனுஷனின் பிழைப்பை, கௌரவத்தை, தெரு முழுக்க அவரைக் கூப்பிடுகிற பெயரைத் தன் வாயாலேயே பிடுங்கப் போகிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழே தம்பி அண்ணாந்தபடியே நின்றான்.

"சரியில்லண்ணே. நிறுத்துங்க."

சூப்பர்வைசர் ஒரு பெருமூச்சு விட்டு வாக்கி டாக்கியை வாயருகே கொண்டு போனார்.

"சுருட்டை, தள்ளி நில்லு. உங்க அக்கா வந்திருக்கு. மாமா கை சரியில்லங்குது."

கரகரவென்று பதில் வந்தது. "ஐயோ, அக்காவை வீட்டுக்கு அனுப்புங்க சார். எனக்குத் தெரியும் அது. தெரிஞ்சுதானே வேற ஒருத்தனையும் அடியில விடாம நானே நிக்கறேன்! மாமா காதுக்கு மட்டும் போயிடப் போகுது, பாத்துக்குங்க."

கிரேன்காரர் காதிலும் விழட்டும் என்றுதான் சூப்பர்வைசர் அதில் சொன்னார்; பதற்றத்தில் மறந்துபோனது பையன்தான். அந்த ரேடியோவில் ரகசியம் பேச முடியாது. யார்டு முழுக்க ஒரே அலைவரிசை. கேபினிலும் அதேதான்.

கம்பிக் கட்டு அந்தரத்தில் நின்றது.

லாரி டிரைவர் எட்டிப் பார்த்தான். வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார். 

"மச்சான்." கிரேன்காரரின் குரல்.

"மாமா..."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரொம்ப நாளா மாமா. முன்னெல்லாம் கம்பிக் கட்டை மெத்தைமேல வைக்கற மாதிரி வைப்பீங்க. இப்ப கடைசியில ஒரு குதி குதிக்கும்."

"தெரிஞ்சேவா அடியில நின்ன?"

"வேற ஆளுக்கு அது எப்ப குதிக்கும்னு தெரியாதே. எனக்குத் தெரியும். நான் விலகிக்குவேன்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்ற தாய் போனபின் தோளில் போட்டு வளர்த்த தம்பி அவன். தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, "வரேன்கா" என்று சிரித்துவிட்டு, இதற்கடியில் வந்து நின்றிருக்கிறான். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் இதைப் பூசி மெழுகியிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் திருகை முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது.

"தள்ளிப் போ." மேலிருந்து குரல் வந்தது.

"மாமா, நான் பாத்து—"

"லாரிக்கு அந்தப் பக்கம் போடா! டிரைவரையும் கூட்டிட்டுப் போ. அடியில ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. இருந்தா இதை இறக்க மாட்டேன்."

சுருட்டை போனான். டிரைவரும் போனான். இடம் காலியானதும் கட்டு இறங்கத் தொடங்கியது. பாதி வழியில் ஒரு துள்ளல். லாரிக்கு மேலே இன்னொன்று, இந்த முறை பெரிதாக. சுருட்டை வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேராகக் கம்பிகளின் முனை வீசித் திரும்பியது. பிறகு தடாலென்று கோணலாக லாரியில் விழுந்து அடங்கியது.

டீச்சர் எப்படி உள்ளே ஓடினாள் என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு அந்தச் சட்டையை விடாமலேயே விசும்பினாள்.

"அறிவிருக்காடா உனக்கு? அங்க நின்னிருந்தா என்னடா ஆகியிருக்கும்?"

"ஒண்ணும் ஆகலையேக்கா..." என்றான்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். இனி அவர் இறங்கி வர வேண்டும். வந்ததும் என்ன கேட்பது, கத்துவதா, கையைப் பிடித்துக்கொள்வதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. கேபின் கதவு திறந்தது. ஒரு கால் ஏணியின் முதல் படியைத் தொட்டது. வலது கை கம்பியைப் பிடித்தது, நழுவியது, மறுபடி பிடித்தது. கால் திரும்பக் கேபினுக்குள் போய்விட்டது.

ரேடியோ கரகரத்தது.

"சார்..."

"சொல்லுங்க, கேக்குது." சூப்பர்வைசரின் குரல் மாறியிருந்தது.

"ஏறும்போதே ரெண்டு தடவை விட்டுடுச்சு. எப்படியோ ஏறிட்டேன். இப்ப புடிக்கவே மாட்டேங்குது. இறங்க முடியல சார். யாராவது வந்து என்னை இறக்குங்க."

இத்தனை வருஷத்தில் யாரிடமும் ஒரு கை கொடுங்கள் என்று கேட்டறியாத மனுஷன். டீச்சர் திரும்புவதற்குள் அவள் பிடியில் இருந்த சட்டை உருவிக்கொண்டு ஓடியது. சுருட்டை ஏணியின் அடியில் போய் நின்று, இரண்டு கைகளையும் மேலே நீட்டியிருந்தான்.

மேலிருந்து அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். ரேடியோவில் குரல் உடைந்து வந்தது.

"சார், யாரை வேணும்னாலும் அனுப்புங்க. என் மச்சானை மட்டும் எனக்கு அடியில நிக்க விடாதீங்க."